கரைக்காற்றும் காற்றுப்படகும்: கொழும்புக் கடலில் தூண்டில் போட நினைக்கும் தம்பிக்கு

கேள்வி சுருக்கமாக இதுதான்: "வெள்ளவத்தையில் இருக்கிறேன். கனடாவிலிருந்து வந்த மச்சான் மூன்று மீற்றர் நீளமான, காற்றடிக்கும் ரப்பர் படகு ஒன்றைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். விடியக் கடலைப் பார்த்தால் குளம் மாதிரிக் கிடக்கிறது. மரைன் டிரைவுக்குக் கீழே இறக்கி, ஒரு கிலோமீற்றர் அளவில் போய்த் தூண்டில் போடலாமா? இல்லை, இதை விற்றுவிட்டு கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகு வாங்குவதா? என்ன தூண்டில், என்ன மீன்?"

தம்பி, போடலாம். ஆனால் அந்த இடத்தில் வேண்டாம், அந்தத் தூரத்துக்கு வேண்டாம். "விடியக் குளம் மாதிரிக் கிடக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நம்பி மட்டும் இறங்கவே வேண்டாம். மீனையும் தூண்டிலையும் பிறகு பார்ப்போம். முதலில் அந்தக் குளத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நம்முடையது மேற்குப் பார்த்த கரை. இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் தன் சூட்டை விடாது. அதனால் நடுச்சாமத்துக்குப் பிறகு காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசத் தொடங்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்றும் வடகிழக்கிலிருந்து இதோடு சேர்ந்துகொள்ளும். சில நாட்களில் ஒன்பது, பத்து மணி தாண்டியும் அடங்காது. இந்தக் காற்று காலி வீதிக் கட்டடங்களையும் அடுக்குமாடிகளையும் தாண்டித்தான் கடலுக்கு வருகிறது. அவற்றின் மறைவில் முதல் இருநூறு, முந்நூறு மீற்றர் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். அலை எழும்புவதற்குக் காற்றுக்கு ஓடுமிடம் வேண்டும், கரையோரத்தில் அது கிடையாது. அதற்கு வெளியேதான் காற்று தண்ணீரில் இறங்கும். அங்கே எழும்பும் சிற்றலைகளும் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாலைதீவுப் பக்கம் ஓடும். நுரை உடைவது மற்றப் பக்கத்தில். கரையில் தேத்தண்ணீரோடு நிற்பவர் கண்ணுக்குக் கடல் தூங்குகிறது.

காற்றடித்த படகு தண்ணீரில் உட்காராது, தண்ணீரின் மேலே மிதக்கும். அடியில் பிடிமானம் இல்லை, பக்கச் சுவர் உயரம், மொத்தப் பாரம் உங்கள் பாரம்தான். அதாவது, பாய் கட்டாத பாய்க்கப்பல். துடுப்பு வலித்தால் ஒரு மணித்தியாலத்தில் இரண்டு, மூன்று கிலோமீற்றர் போகலாம், அதுவும் காற்று இல்லாதபோது. இருபது கிலோமீற்றர் வேகத்துக் காற்று எதிரே நின்றால் வியர்வை மட்டும்தான் முன்னேறும்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல ஆசைதான். 2014 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை தெஹிவளையில் இறக்கினேன். படகு உங்களுடையதைப் போலவே மூன்று மீற்றர்தான். துடுப்பு இரண்டும் பிளாஸ்டிக். முதல் அரை மணித்தியாலத்தில் மூன்று கும்பளா. அந்த உற்சாகத்தில் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது ரயில் சத்தம் கேட்காமல் போயிருந்தது. அதுவரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்த சத்தம். தண்ணீரின் பச்சை கறுத்து நீலமாகியிருந்தது. கல்கிசை முனையில் நிற்கும் ஹோட்டலின் வெள்ளைச் சுவர் சீனிக்கட்டி அளவுக்குத் தெரிந்தது. சரி, நங்கூரத்தைப் போட்டுவிட்டு யோசிப்போம் என்று போட்டேன். பதினைந்து மீற்றர்க் கயிறு கையிலிருந்து ஓடி, முடிச்சு வந்து விரலில் தட்டி நின்றது. அடி தட்டவில்லை. இரும்பு அந்தரத்தில் தொங்க, படகு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. துடுப்பைப் பிடித்து வலித்தேன். பத்து நிமிடத்தில் துடுப்பு மாட்டும் ரப்பர் வளையம் ஒன்று வேரோடு பிய்ந்து வந்தது.

வலை எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த தெஹிவளைப் படகு ஒன்றுதான் கண்டது. அதில் இருந்த ஐயா எஞ்சினைத் தணித்துவிட்டு, "மல்லி (தம்பி), மாலைதீவுக்கா?" என்று சிங்களத்தில் கேட்டார். கயிறு போட்டு இழுத்துவந்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. என்னுடைய மூன்று கும்பளாவையும் பார்த்துச் சிரித்ததுதான் காசு நீட்டியதற்குக் கிடைத்த பதில். அன்றைக்குக் கரையில் நின்ற என் மனைவியைக் கேட்டால், இன்றும் "கடல் நல்ல அமைதியாகத்தானே இருந்தது" என்றுதான் சொல்லுவா.

ஆகவே கடலுக்குப் போகுமுன் கரையில் கொடி பாருங்கள், புகை பாருங்கள், தென்னோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். கடலை நோக்கிச் சாய்ந்தால் காற்றுப்படகு அன்றைக்கு வீட்டில் இருக்கட்டும். கயாக் என்றாலும் கரையை ஒட்டியே, கட்டடங்களின் மறைவுக்குள்ளேயே ஓடுங்கள். காற்றே இல்லாத நாளிலும் புதியவருக்கு ஐந்நூறு மீற்றருக்கு மேல் வேண்டாம். நீங்கள் கேட்ட ஒரு கிலோமீற்றர், இரண்டு வருடம் கயாக்கில் பழகியவருக்கு.

கடல்காற்று இதற்கு நேர்மாறு. பதினொரு மணியளவில் தொடங்கி, பின்னேரம் பலக்கும். அது உங்களைக் கரைக்குக் கொண்டுவரும் என்று சந்தோஷப்படலாம்தான், ஆனால் எந்தக் கரைக்கு என்பதை அதுவே தீர்மானிக்கும். வெள்ளவத்தையில் அது பெரும்பாலும் கருங்கல்லாக இருக்கும். இரண்டு காற்றுக்கும் நடுவில் சில நாட்களில் ஒரு மணித்தியாலம், சில நாட்களில் இரண்டு மணித்தியாலம் சும்மா நிற்கும் நேரம் ஒன்று உண்டு. உங்கள் மச்சானின் படகுக்கு உரிய நேரம் அது.

பருவத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று. கொழும்புக் கடலைச் சிறு படகுக்காரர் மறந்துவிட வேண்டிய மாதங்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் நமக்கு. அதிலும் மார்ச், ஏப்ரல், நவம்பரில் பின்னேர இடி இருக்கிறது. கார்பன் தூண்டில் தடியை நிமிர்த்திக்கொண்டு கடல் நடுவில் இருப்பவரைவிட உயரமான பொருள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. கிழக்கே கறுக்கத் தொடங்கினால் மீன் கொத்திக்கொண்டிருந்தாலும் சுருட்டுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையில் கொழும்புக் கடலைச் சொல்லும் வரியைத் தேடுங்கள், நமக்குரியது அதுதான். நாட்கணக்கில் ஆழ்கடலில் நிற்கும் பலநாள் கலங்களுக்கு எச்சரிக்கை விட்டால் நமக்கு என்ன என்று கேட்காதீர்கள். அவர்களுக்கே எச்சரிக்கை என்றால் நமக்கு என்ன என்று யோசியுங்கள்.

காற்றே இல்லாமலும் அலை வரும். தெற்கே எங்கேயோ தூரத்தில் அடித்த புயலின் அலை, நாட்கணக்கில் ஓடிவந்து நம் கரையில் விழும். இவை கூட்டம் கூட்டமாக வரும். ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை, பிறகு நான்கைந்து பெரியது வரிசையாக. அதனால் படகை இறக்குமுன் இருபது நிமிடமாவது கடலைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். பெரிய கூட்டம் ஒன்று விழுந்து முடிந்ததும் இறங்கி, நிற்காமல் வலித்து, உடையும் இடத்தைத் தாண்டுங்கள். திரும்பும்போதுதான் நிறையப் பேர் கவிழ்வது. படகு அலைக்குக் குறுக்கே திரும்பினால் உருளும். திரும்பிவிட்டால் உடம்பை அலை வரும் பக்கம் சாயுங்கள். கால் எட்டும் தண்ணீரில் இறங்கும்போது படகின் கடல் பக்கமாக இறங்குங்கள். படகுக்கும் கரைக்கும் இடையில் நின்றால், அடுத்த அலை தண்ணீர் நிரம்பிய படகை அப்படியே உங்கள் முழங்காலில் கொண்டுவந்து போடும்.

இடத்துக்கு வருவோம். வெள்ளவத்தையில் கடல் உங்கள் வீட்டு வாசலில்தான் இருக்கிறது, ஆனால் நடுவில் தண்டவாளம் இருக்கிறது. கோட்டையிலிருந்து தெற்கே போகும் கரையோர ரயில் பாதை பெரும்பாலும் அப்படித்தான். மூன்று மீற்றர்ப் பொருளை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு தண்டவாளம் கடக்கும்போது, அலைச் சத்தத்தில் ரயில் சத்தம் கேட்காது. என் அனுபவத்தில் இந்தப் பொழுதுபோக்கில் ஆகப் பயங்கரமான முப்பது விநாடி அதுதான், கடல் இரண்டாவது. தாண்டினாலும் கல்லணை. கல்லில் உரசினால் கயாக்குக்குக் கீறல், காற்றுப்படகுக்குக் கிழிசல். இடையில் சின்னச் சின்ன மணல் துண்டுகள் இருக்கின்றன, மீனவர் படகு இழுத்து வைத்திருக்கும் இடங்கள். அங்கே அவர்களிடம் கேட்காமல் இறக்காதீர்கள்.

அதைவிடக் கல்கிசை நல்லது. நீண்ட மணல், முனையின் மறைவு, கரையில் எப்போதும் ஆட்கள். கிழமை நாளில் விடிய ஆறு மணிக்குப் போனால் குளிக்கும் கூட்டமும் இருக்காது. குளிப்பவர்கள் இருக்கும் இடத்தில் தூண்டில் வீசுவதும் படகு இறக்குவதும் வேண்டாம் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

வடக்கே காலிமுகத்திடலுக்கு அப்பால் போர்ட் சிட்டி, துறைமுகம். அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம். கடற்படை ரோந்து ஒரு காரணம், கப்பல் இன்னொரு காரணம். கொள்கலன் கப்பலின் மேலிருந்து பார்ப்பவருக்கு நீங்கள் ஒரு மிதக்கும் தேங்காய். நாங்கள் யுத்த காலத்தில் வளர்ந்தவர்கள், கடற்படைப் படகைக் கண்டால் இன்றும் கை தானாகவே அடையாள அட்டையைத் தேடும். உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் நல்லது, அட்டையை மட்டும் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கொண்டுபோங்கள். கேட்டால் மரியாதையாகக் காட்டிவிட்டு வரலாம்.

இன்னும் வடக்கே மட்டக்குளி, காக்கைதீவுப் பக்கம் களனி கங்கை கடலில் விழுகிறது. முகத்துவாரத்தில் கொடுவா உண்டு, அதனால் ஆசை வரும். மலைநாட்டில் மழை பெய்தால் இரண்டொரு நாளில் அங்கே ஆறு மரக்கட்டையும் குப்பையுமாகக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். ஆற்றோட்டமும் கடலலையும் மோதும் இடத்தில் அலை நிமிர்ந்து நின்று உடையும். கரையிலிருந்தே வீசுங்கள்.

உண்மையில் நான் உங்களை அனுப்ப விரும்புவது கடலுக்கே இல்லை, முதல் மூன்று மாதம் களப்புக்கு. தெற்கே பொல்கொடை, பாணந்துறையில் கடலோடு சேர்கிறது. வடக்கே நீர்கொழும்புக் களப்பு. இரண்டிலும் உவர் நீர், இரண்டிலும் கடல் மீன் ஏறிவரும். நீர்கொழும்புக் களப்பு பெரும்பாலும் ஆளுயரத்துக்கும் குறைவான ஆழம்தான். கவிழ்ந்தால் பல இடங்களில் எழுந்து நிற்கலாம், கால் சேற்றில் புதையும் அவ்வளவுதான். காற்று தள்ளினாலும் கண்டல் மரத்தில் கொண்டுபோய் முட்டும், மாலைதீவில் இல்லை. மச்சானின் படகை விற்கவே வேண்டாம், அதை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். களப்பு கடலோடு சேரும் வாயில் மட்டும் வற்றும் நீர் பலமாக இழுக்கும், அங்கே கிட்டப் போகாதீர்கள். நம் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவுதான், ஆனால் அத்தனை தண்ணீரும் ஒடுங்கிய ஒரு வாயால் போகவேண்டும் அல்லவா?

பொல்கொடையில் முதலை உண்டு. கடலிலும் உண்டு. வெள்ளவத்தை, தெஹிவளைக் கரையோரத்தில் முதலையைக் கண்டதாக இடைக்கிடை செய்தி வரும். 2022 ஜனவரியில் தெஹிவளைப் பக்கத்துக் கடலில் சுழியோடி ஒருவரை முதலை கொன்றது. இதனால் கடலே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருக்காதீர்கள், பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள், வாய்க்கால் கடலில் விழும் இடங்களில் பொழுது பட்டபின் நிற்காதீர்கள்.

கடலுக்கு என்று வாங்கினால் கயாக் வாங்குங்கள். உள்ளே இறங்கி உட்காரும் வகை வேண்டாம், மேலே உட்காரும் வகை. அதில் அலை ஏறினாலும் ஓட்டைகளால் வடிந்துவிடும், கவிழ்ந்தால் திருப்பிப் போட்டு ஏறலாம். அகலமானது மெதுவாகப் போகும், ஆனால் மீனோடு மல்லுக்கட்டும்போது ஆடாது. காற்றடிக்கும் கயாக்கும் இருக்கிறது, மாடிவீட்டில் இருப்பவருக்கு அதுதான் வசதி, மடித்துப் பையில் போட்டு ஓட்டோவில் கொண்டுபோகலாம். வாங்கும்போது காற்றறை எத்தனை என்று பாருங்கள், குறைந்தது மூன்று வேண்டும். கடைகளில் நீச்சல் குளத்துக்காக விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் படகுகளைக் கடலில் கற்பனைகூடச் செய்யாதீர்கள். இன்னொன்று: வீட்டுக்குள்ளே இறுக்கமாகக் காற்றடித்துவிட்டு வெயிலில் போட்டால் காற்று விரிந்து தையல் விடும். கரையில் கொஞ்சம் தளர்வாக அடித்து, தண்ணீரில் இறக்கிய பிறகு மீதியை அடியுங்கள். குளிர்ந்த தண்ணீரில் காற்று சுருங்கும், அப்போதுதான் சரியான இறுக்கம் தெரியும்.

லைஃப் ஜக்கெட் போட்டுக்கொண்டே இருங்கள். சீட்டுக்குக் கீழே வைத்திருக்கும் ஜக்கெட், படகு உங்களை விட்டுப் போகும்போது அதோடு சேர்ந்து போய்விடும். ஒரு விசில் அதிலேயே கட்டியிருக்கட்டும். துடுப்பைக் கயிற்றால் படகோடு கட்டுங்கள். கைப்பேசி தண்ணீர் புகாத உறையில், உறை உங்கள் உடம்பில். மஞ்சள், செம்மஞ்சள் என்று கண்ணில் குத்தும் நிறத்தில் சட்டை. தண்ணீர் இரண்டு லீற்றர். எங்கே இறங்குகிறோம், எத்தனை மணிக்கு ஏறுவோம் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரத்தில் வராவிட்டால் அவர் 119க்கு அடிக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தனியே போகாதீர்கள் என்றும் சொல்லவேண்டும், ஆனால் நானே பாதி நாள் தனியாகத்தான் போகிறேன்.

அப்புறம், நீர்கொழும்புக் களப்பில் ஒரு காலையை முழுக்க முழுக்கக் கவிழ்வதற்கென்றே ஒதுக்குங்கள். தூண்டில் கொண்டுபோகவேண்டாம். வேண்டுமென்றே விழுந்து, படகைத் திருப்பி, ஏறுங்கள். ஏறும்போது மேலே ஏறப் பார்த்தால் படகு உங்கள் தலைக்கு மேலே வரும். கால்களைப் பின்னுக்கு நீட்டி அடித்து, வயிற்றால் குறுக்கே வழுக்கி, பிறகு திரும்பி உட்காரவேண்டும். பத்துத் தடவை ஏறிக் காட்டினால் கடலுக்குப் போங்கள். நான் முதல் நாள் நாலு தடவைக்குப் பிறகு மூச்சு வாங்கிக் கரையில் கிடந்தேன், தொப்பையைக் குறைக்கவேண்டும் என்று அன்றுதான் முதலில் தோன்றியது.

இப்போது தூண்டில். ஆறரை, ஏழு அடித் தடி ஒன்று, நடுத்தரப் பருமனான ஸ்பின்னிங் ரீல், 20 இறாத்தல் பின்னல் நூல், அதன் நுனியில் ஒன்றரை மீற்றர் அளவுக்கு 30 அல்லது 40 இறாத்தல் தங்கூசி (நைலோன் நூல்). இது போதும், இரண்டாவது தடி பேராசை. சின்னப் படகில் இரண்டு தடி வைத்தால் இரண்டும் சிக்கும். 20 முதல் 40 கிராம் வரையான ஜிக் (உலோகப் பொய் இரை) நாலைந்து, நீந்தும் பிளாஸ்டிக் மீன் இரண்டு, ஈயக்குண்டு, தூண்டில் முள். காற்றுப்படகு என்றால் மும்முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள், கத்திக்கும் முள்ளுக்கும் தனியே மூடியுள்ள டப்பா வையுங்கள். படகு ஓட்டையாவது கல்லில் மட்டும் என்று நினைக்காதீர்கள். எனக்கு ஒருமுறை கெளுத்தியின் முள் செய்தது அந்த வேலையை. சிறிய மீன்தான், மடியில் துள்ளி விழுந்து பக்கச் சுவரில் செருகிக்கொண்டு நின்றது. பிடுங்கினால் காற்று போகும், பிடுங்காவிட்டால் மீன் துள்ளித் துள்ளி ஓட்டையைப் பெரிசாக்கும். மீனின் முள்ளை அடியில் வெட்டிவிட்டு, முள் செருகியபடியே கரைக்கு வந்தேன்.

இரைக்கு வெள்ளவத்தைச் சந்தை இறாலே போதும், கணவாய்த் துண்டு இன்னும் நல்லது, முள்ளிலிருந்து லேசில் கழராது. சூடை மீன் உயிரோடு கிடைத்தால் சொல்லவே வேண்டாம். ஆனால் கயாக்கில் எனக்குப் பிடித்தது இழுவைதான். முப்பது மீற்றர் நூலை விட்டு, பின்னால் ஒரு பொய் மீனைக் கட்டி, கல் இருக்கும் இடத்தின் ஓரமாகச் சும்மா வலித்துக்கொண்டு போங்கள். எஞ்சின் சத்தம் இல்லாததால் மீன் வெருளாது. நீங்கள் எப்படியும் வலிக்கத்தானே போகிறீர்கள், மீனும் சேர்ந்து கிடைக்கட்டுமே.

மீன் பெயரில் முதலில் குழம்புவீர்கள். கரையில் கேட்பது சிங்களப் பெயர், வீட்டில் அம்மா சொல்வது யாழ்ப்பாணப் பெயர். அவர்கள் பராவ் என்றால் நமக்குப் பாரை, ஜீலாவா என்றால் சீலா, தோரா என்றால் அறக்குளா, மோதா என்றால் கொடுவா. கரைக்குக் கிட்டக் கல் ஓரங்களில் சின்னப் பாரை, சீலா, முரல் கிடைக்கும். அடியில் போட்டால் விளைமீன், கலவாய். சூடைக் கூட்டம் தண்ணீரில் கொதிப்பதையும் மேலே பறவை விழுவதையும் கண்டால், கூட்டத்தின் நடுவில் வீசாமல் ஓரத்தில் வீசி இழுங்கள், பெரிசு ஓரத்தில்தான் சுற்றும். ஐந்து கிலோப் பாரை ஒன்று முள்ளில் மாட்டினால் கயாக்கையே இழுத்துக்கொண்டு திரியும். இழுக்கட்டும், விடுங்கள். தடியைப் படகின் முன்பக்கம் நீட்டிப் பிடித்தால் கயாக் மீனின் பின்னால் திரும்பிப் போகும். பக்கவாட்டில் பிடித்தால் கவிழ்வீர்கள்.

சீலாவுக்கு மட்டும் நுனியில் ஒரு சாண் கம்பி கட்டுங்கள், தங்கூசியைக் கத்தரிக்கோல் மாதிரி வெட்டும். படகுக்குள்ளே எடுத்தபின்னும் அதன் வாய்க்கும் உங்கள் தொடைக்கும் தூரம் இருக்கட்டும். கெளுத்தி, ஒட்டி, ஓரா, கட்டா, எல்லாவற்றின் முள்ளிலும் விஷம் உண்டு. குத்தினால் பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் கையை வையுங்கள், வலி இறங்கும். கடலுக்குப் போகும்போது ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல் நான் கொண்டுபோவது தேத்தண்ணீருக்கு மட்டும் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வலி இறங்காவிட்டாலும், முள் உள்ளே முறிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிதான். பேத்தை மாட்டினால் வயிற்றை ஊதிக்கொண்டு வேடிக்கையாக இருக்கும், படம் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். அதைச் சமைத்துப் பார்க்கலாமா என்று கேட்டு எனக்கு எழுதாதீர்கள்.

மிதவையோடு கிடக்கும் வலையைக் கண்டால் சுற்றிப் போங்கள். அது ஒருவருடைய அன்றைய சோறு. உங்கள் முள் அதில் சிக்கினால் நூலை வெட்டுங்கள், வலையை வெட்டாதீர்கள். கரைவலை இழுக்கும் இடத்தில் கரைக்கு வரவே கூடாது, முழு வளையமும் கரை சேரும்வரை வெளியே காத்திருங்கள். காலையில் கரையில் நிற்கும் மீனவர் ஒருவரிடம், "ஐயே, இன்றைக்குக் கடல் எப்படி?" என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். அவர் கையை ஆட்டிய நாளில் நான் இறங்கியதில்லை, அதாவது 2014க்குப் பிறகு.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கடற்றொழில் நீரியல் வளங்கள் பற்றிய 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் மீன்பிடிப் படகுப் பதிவையும் அனுமதிப்பத்திரத்தையும் பற்றிப் பேசுகிறது. உங்கள் படகின் நீளத்தையும் படத்தையும் எடுத்துக்கொண்டு மாளிகாவத்தையில் உள்ள திணைக்களத்துக்குப் போய், பொழுதுபோக்குக்கு என்று சொல்லிக் கேளுங்கள். சின்ன எஞ்சின் பூட்டும் எண்ணம் இருந்தால் அதையும் அப்போதே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி, அடையாள அட்டையோடு அதே உறையில் வையுங்கள். ஆமை தூண்டிலில் மாட்டினால் நூலைக் கிட்ட வைத்து வெட்டி விட்டுவிடுங்கள், அது பாதுகாக்கப்பட்ட உயிர்.

பிடித்த மீனை உடனே செவுளில் வெட்டி இரத்தம் வடியவிட்டு, ஐஸில் போடுங்கள். நம் வெயிலில் சூரையும் கும்பளாவும் ஒரு மணித்தியாலம் சும்மா கிடந்தாலே கெடத் தொடங்கும், பார்த்தால் தெரியாது, சாப்பிட்டபின் முகம் சிவந்து தடிக்கும்போதுதான் தெரியும். ஐஸ்பெட்டிக்கு இடம் இல்லாவிட்டால் ஈரச் சாக்கு, அதற்குள் ஐஸ் போத்தல் இரண்டு. வீட்டுக்கு வந்ததும் மீனைக் கழுவுமுன் ரீலையும் படகையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். படகை நிழலில் முழுக்கக் காயவிட்டு மடியுங்கள். மடிப்பில் சிக்கிய மணல் அரம் மாதிரி ரப்பரைத் தின்னும், அடுத்த முறை விரிக்கும்போது காற்று அந்த மடிப்பு வழியாகத்தான் போகும். என்னுடைய அந்தப் பழைய படகு கடைசியில் கடலில் ஒன்றும் ஆகவில்லை, கட்டிலுக்குக் கீழே மடித்தபடியே செத்துப்போனது.